சரணத்தில் இறங்கிய சுருதி

பிப்ரவரி 4

சகலை அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய கம்பிக் கட்டு வந்து சேர்ந்தது. அதே பெட்டியில் திருப்பி அனுப்புகிறேன். உறையைப் பிரித்து ஒரு கம்பியை மாட்டிப் பார்த்துவிட்டேன். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்பது உங்கள் பாடு.

என் பேஸ் கிட்டாரின் கழுத்து குட்டை. உங்கள் டிரம்ஸுக்கு இடது பக்கம், குச்சியை நீட்டினால் இடிக்கும் தூரத்தில், இத்தனை வருடம் அதை மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். நீங்கள் அனுப்பியிருப்பது நீளக் கழுத்துக்கான கம்பி. அதை என் கிட்டாரில் போட்டால், மெலிந்த நுனி வர வேண்டிய இடத்தில் தடித்த உடம்பு வந்து நிற்கிறது. முறுக்குகிற ஆணியில் நுழைய மாட்டேன் என்கிறது. என் இடத்தில் இப்போது வாசிக்கும் வங்கிக்காரரின் கிட்டாருக்குக் கழுத்து நீளம். யாரை மனதில் வைத்து வாங்கிய கம்பி என்பதில் எனக்கு ஐயமில்லை.

உள்ளே வைத்திருந்த துண்டுச் சீட்டையும் படித்தேன். என் மனைவி மெட்டுப் போட்டுப் பாடிய ஒரே பாட்டை வெளியிடப் போகிறீர்கள். அவள் குரலும் உங்கள் டிரம்ஸும் நன்றாக இருக்கின்றன. பேஸ் மட்டும் செத்த கம்பியில் வாசித்தது போல் மந்தமாக இருக்கிறது. ஆகவே புதுக் கம்பி போட்டு நான் மறுபடி வாசித்துத் தர வேண்டும். மார்ச் முடிவதற்குள் தராவிட்டால் வங்கிக்காரர் வாசிப்பார். நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா?

அவள் இறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் குழுவின் ஒத்திகைக்கு வந்தேன். நினைவிருக்கும். என் முக்காலியில் வங்கிக்காரர் உட்கார்ந்திருந்தார். என் வயரைத்தான் சொருகியிருந்தார். “அண்ணே, நீங்க வருவீங்கன்னு தெரியாதுண்ணே” என்றீர்கள். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? போன் எண்ணை மாற்றிக்கொண்டேன், வேறு ஊர்க் கல்லூரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். முகவரியை உங்களுக்குத் தந்தது எந்த மகராசன் என்று தெரியவில்லை.

நலம் விசாரித்து எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் அக்காள் கணவன்

---

பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

திட்டி எழுதினாலும் எழுதினீர்களே, அதுவே போதும். முகவரியைத் தந்தது உங்கள் பழைய கல்லூரி அலுவலகம். என் பல் பட்டறையிலிருந்து உங்களுக்குப் பல் செட் கொடுக்க வேண்டும் என்று பொய் சொன்னேன். உடனே கொடுத்துவிட்டார்கள். பல் விஷயத்தில் யாரும் சந்தேகப்படுவதில்லை.

கழுத்து நீளத்தைப் பார்க்காமல் வாங்கியது என் தப்பு. நான் டிரம்ஸ் அடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறவன், அது உங்களுக்கே தெரியும். இந்தத் தடவை நீங்களே கடைக்குப் போய் வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.

‘வாடா, போடா’ என்று பேசியவர் ‘நீங்கள்’ போட்டு எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் அதைப் படித்துவிட்டு, “அத்தான் இவ்வளவு மரியாதை குடுக்குறார்னா ரொம்பக் கோவமா இருக்கார்” என்றாள். சாப்பிடுகிறீர்களா என்று கேட்கச் சொன்னாள். நலம் விசாரிக்கக் கூடாது என்றீர்கள். இது விசாரிப்பு இல்லை, தகவல்.

சீட்டில் நான் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. எழுதக் கை வரவில்லை. நம் கீபோர்டுக்காரர், நாம் சுருதிப்பெட்டி என்று கூப்பிடுகிறவர், போன மாதம் அந்தப் பாட்டுக்குக் கீபோர்டு வாசித்துச் சேர்த்தார். சேர்த்த பிறகு கேட்டால், பல்லவியில் அக்கா குரல் கச்சிதமாக நிற்கிறது. சரணத்தில் இறங்குகிறது. கொஞ்சம்தான். ஆனால் ஒரு தடவை கேட்டுவிட்டால் பிறகு அது மட்டும்தான் காதில் விழுகிறது. “பாவம், அப்பவே மூச்சு போயிருச்சு” என்றார் சுருதிப்பெட்டி. வைத்தியம் ஆரம்பித்திருந்த நேரம் அல்லவா? அன்றைக்கு டிரம்ஸ் சத்தம் வேண்டாம், ஹெட்போனில் பேஸ் மட்டும் போதும் என்று அக்கா கேட்டதும் அசதியால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

சரணத்தை மட்டும் அக்காவின் தங்கச்சியைப் பாட வைத்து ஒட்டிவிடலாம், இரண்டு பேருக்கும் ஒரே குரல், யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்கிறார்கள். அத்தான் சரி என்று சொல்லாமல் வாயைத் திறக்க மாட்டேன் என்று என் வீட்டில் சொல்லிவிட்டாள். ஆகவே முடிவு உங்களுடையது.

பாட்டை பென்டிரைவில் போட்டு அனுப்பியிருக்கிறேன். முழுப் பாட்டு ஒன்று, அக்கா குரல் தனியாக ஒன்று. கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
சகலை

---

பிப்ரவரி 21

சகலைக்கு,

பென்டிரைவ் மேசையில் இருக்கிறது. இன்னும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், கதவைச் சாத்துகிறேன். நான் இருப்பது ஒரு தையல் கடைக்கு மேலே. பகல் முழுக்கத் தரை அதிரும். ஆறு மணிக்கு இயந்திரங்களை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் கிடையாது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தோன்றவில்லை. இருக்கிறது, அவ்வளவுதான்.

கல்லூரியில் துறைத் தலைவர் என்னிடம் படித்தவன். நான் பழைய ஊரில் கேட்டுக் கிடைக்காத நாற்காலி, அவனுக்கு இங்கே கேட்காமலே கிடைத்திருக்கிறது. என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறான். மற்றவர்கள் பார்க்கும்போது மட்டும்.

கம்பி விஷயம். கடைக்காரனுக்கு லாபம் கொடுப்பதற்கு முன் பழைய கம்பியையே உயிர்ப்பிக்க முடியுமா என்று பார்த்தேன். வேதியியல் வாத்தியார் அதையாவது செய்ய வேண்டாமா? நாலையும் கழற்றி, சுருட்டி, பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன். பேஸ் வாசிக்கிறவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் செய்கிற காரியம்தான். கம்பிச் சுற்றுகளுக்கு நடுவே வருடக்கணக்காக அடைந்திருக்கும் வியர்வையும் தோலும் எண்ணெயும் வெளியே வரும். வந்தது. தண்ணீர் கஷாயம் போல ஆயிற்று. அவ்வளவும் என் கையிலிருந்து போனது என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, ஒன்றும் ஆகவில்லை. தொட்டியில் கொட்டினேன். கம்பியைத் துடைத்து மாட்டியதும் ஒரு மாலை நேரம் மட்டும் சத்தம் பளிச்சென்று இருந்தது. மறுநாள் ஒரு கம்பி சுற்று அவிழ்ந்து கிரீச்சிட்டது. நாலையும் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டேன்.

கடைக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி தனியாக நடத்துகிறார். சுவரில் தொங்கும் ஒவ்வொரு பேஸிலும் ஒவ்வொரு ரகக் கம்பி போட்டு வைத்திருக்கிறார், வாங்குகிறவர்கள் வாசித்துப் பார்ப்பதற்காக.

“எந்த மாதிரி பாட்டுக்கு சார்?” என்றார்.

பாட்டுக்கு இல்லை என்றேன்.

“கல்யாணம் ஆனவரா?”

அதற்கும் கம்பிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

“வீட்ல திட்டுற ஆள் இருந்தா பட்டைக் கம்பி வாங்குவாங்க சார். விரல் தேய்க்கிற சத்தமே கேட்காது. ஆள் இல்லேன்னா உருண்டைக் கம்பி.”

நான் சுவரில் தொங்கியதைக் காட்டினேன். அவர் மேலே கேட்கவில்லை. கிட்டாரை எடுத்துக் கொடுத்தார். “வாங்கலைன்னாலும் பரவால்ல, வாசிங்க. இங்க எல்லாரும் ஆறு கம்பிக் கிட்டாரைத்தான் கேக்குறாங்க. இது சுவரோட சுவரா தொங்குது.”

முதலில் பட்டைக் கம்பி. மேலே தட்டையான நாடாவைச் சுற்றியது. விரல் வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே எங்கோ கதவைத் தட்டுவது போன்ற சத்தம், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். என் பழைய கம்பியும் வயதான காலத்தில் இப்படித்தான் ஆகியிருந்தது. அடுத்து இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம், பாதி தேய்த்தது. எனக்குப் பாதி வேலைகள் பிடிக்காது. கடைசியில் உருண்டைக் கம்பி. ஸ்க்ரூவின் மரையைப் போல வரிவரியாக இருக்கும், கை நகர்ந்தால் கீச்சென்னும், வாசித்த சுரம் நெடுநேரம் நிற்கும். நன்றாக வாசித்தாலும் தெரியும், தப்பு செய்தாலும் தெரியும். அதைத்தான் வாங்கினேன். மந்தம் என்று சொன்னவர்கள் கேட்கட்டும்.

என் விரல் நுனியில் காய்ப்பு போய்விட்டது. கால் மணி நேரத்தில் தோல் உரிந்தது. வலிக்க வேண்டும் என்று தெரிந்தது. வலித்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

கம்பி மாட்டியதும் ஒழுங்காகச் செய்ய வேண்டியதைச் செய்தேன். கம்பியை வெறுமனே தட்டிச் சுருதி சேர்த்தால் மட்டும் போதாது. கழுத்தின் நடுவில் அழுத்தி வாசித்தாலும் அதே சுருதி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கிட்டாரின் உடம்பில் கம்பி முடியும் பிரிட்ஜில், கம்பி உட்காரும் குதிரையைத் திருகால் முன்னே பின்னே நகர்த்த வேண்டும். புதுக் கம்பி போடும்போதெல்லாம் பார்க்க வேண்டிய வேலை. சுருதி காட்டும் கருவியை வைத்து முள் நடுவில் நிற்கும் வரை நகர்த்தினேன். இப்போது கழுத்தின் எந்தக் கட்டையில் அழுத்தி வாசித்தாலும் குறை சொல்ல முடியாது.

பாட்டை எப்போது கேட்பேன் என்று தெரியவில்லை. அவசரப்படுத்த வேண்டாம்.

சாப்பிடுகிறேன் என்று சொல்லவும்.

---

மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

கம்பி வாங்கியதில் சந்தோஷம். பென்டிரைவ் மேசையிலேயே இருந்தால் பூஞ்சைதான் பிடிக்கும்.

அவசரப்படுத்தக் கூடாது என்றீர்கள். ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன ஞாயிறு பட்டறைப் பின்னறையில் ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பிறகு, பல் செட் அச்சுகள் அடுக்கியிருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் நின்று, என் வீட்டில் தானாகவே சரணத்தைப் பாடிப் பார்த்தாள். நான் பதிவு செய்யவில்லை. செய்யாதே என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அண்ணே, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அக்காதான். இரண்டாவது வரியில் எனக்குக் குச்சி நழுவிவிட்டது. இத்தனை வருஷத்தில் நழுவியதில்லை.

பாடி முடித்துவிட்டு, “நல்லாப் பாடினேன் இல்ல?” என்றாள். ஆமாம் என்றேன். “அதான் பயமா இருக்கு. நான் பாடிட்டா அக்கா இந்தப் பாட்டுல பாதிதான் இருப்பா. அப்புறம் எது அவ, எது நான்னு எனக்கே மறந்துரும்” என்றாள்.

சுருதிப்பெட்டி தினமும் கேட்கிறார். கம்ப்யூட்டரில் குரலை நேராக இழுத்து நிமிர்த்திவிடலாம் என்று வேறு ஒரு யோசனை. செய்து காட்டினார். சுருதி சரியாகத்தான் இருந்தது, ஆனால் அது நான் செய்கிற பல் மாதிரி இருந்தது. வரிசையாக, வெள்ளையாக, யாருடையதுமில்லாமல்.

அப்படியே வெளியிடவும் அவர் விடமாட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கேட்கிற நாலு பேர், கடைசியில் அந்த அம்மாவுக்குச் சுருதி போய்விட்டது என்றுதானே சொல்வார்கள்? அப்படி ஒரு பேச்சு அக்காவுக்கு வர வேண்டுமா?

கேட்டுவிட்டு ஒரு வரி எழுதுங்கள், போதும்.

சகலை

---

மார்ச் 9

சகலைக்கு,

கேட்டேன்.

சனிக்கிழமை. தையல் கடை விடுமுறை. முழுப் பாட்டை ஒரு தடவை ஓட விட்டேன். பிறகு அவள் குரலை மட்டும் போட்டு, புதுக் கம்பியில் கூடவே வாசித்தேன். பல்லவியில் என் கை கீழ்ச் சுரங்களிலேயே, கழுத்தின் முதல் சில கட்டைகளில் இருக்கும். அங்கே அவளும் நானும் ஒட்டிக்கொண்டு போனோம். சரணத்தில் என் கை மேல் சுரங்களுக்கு ஏறும். ஏறியதும் அவள் கீழே போனாள். நான் ஓரிடத்திலும் அவள் கொஞ்சம் தாழ்வாக வேறோர் இடத்திலும். நிறுத்திவிட்டு மறுபடி வாசித்தேன். மறுபடியும் அப்படியே. என் கம்பி சரி. என் கம்பி சரி என்பதை நானே கருவி வைத்து உறுதி செய்திருக்கிறேன்.

ஆகவே சுருதிப்பெட்டி சொன்னது உண்மை. அந்த ஆளின் பெயரை நல்லவிதமாக எழுத நேரும் என்று நான் எண்ணியதில்லை.

அவள் குரலைக் கேட்டால் எனக்கு என்னவாகும் என்று பயந்து எல்லோரும் ஒதுங்கி நிற்கிறீர்கள். ஒன்றும் ஆகவில்லை. நடுவில் எழுந்து போய்த் துணி காயப் போட்டுவிட்டு வந்தேன். உன் மனைவி கேட்டால், அத்தான் அழவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பெருமைக்காகச் சொல்லவில்லை.

கொழுந்தியாள் சரணத்தைப் பாடட்டும். எனக்கு மறுப்பில்லை. என் மனைவிக்குக் கடைசியில் சுருதி போயிற்று என்று ஊரார் பேசுவதைவிட அது மேல்.

வாசித்துக் கொடுக்கும் நாளைச் சொன்னால் வருகிறேன். அதற்கு முன் ஒன்று அனுப்பு. அன்றைக்கு நான் வாசித்த பேஸை மட்டும் தனியாகப் போட்டு அனுப்பு. ‘செத்த கம்பி’ என்று எழுதியிருந்தாயே, அது எவ்வளவு செத்திருந்தது என்று நானே கேட்க வேண்டும். பிறர் சொல்லி நான் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. அது உனக்குத் தெரியும்.

---

மார்ச் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

‘நீ’ வந்துவிட்டது. வீட்டில் காட்டினேன்.

உங்கள் பேஸ் தனியாக இதோ. மந்தம் என்று நான் சொன்னது வாசிப்பை இல்லை, சத்தத்தைத்தான். வாசிப்பை யார் குறை சொன்னது? வங்கிக்காரரே அதைக் கேட்டுவிட்டு, “இவர் சரணத்துல போற வழி எனக்கு வரலீங்க” என்றார். அவர் கெட்டவர் இல்லை அண்ணே. முக்காலியில் உட்காரச் சொன்னது நான்தான், அவராக உட்காரவில்லை.

உங்கள் சம்மதத்தைச் சொன்னதும் என் வீட்டில் சரி என்றாள்.  வருகிற ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு சரணம் பதிவு. அதே நாளில் நீங்களும் வந்து வாசித்துவிடலாம். முதலில் நம் வீட்டுக்கு வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

சகலை

---

மார்ச் 20

அன்புள்ள சகலை,

பதிவை நிறுத்து. கொழுந்தியாளைப் பாட வைக்காதே. போன் செய்திருப்பேன், உன் எண்ணை அழித்துவிட்டேன். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். இதைப் படித்ததும் முதல் வேலையாகப் பாட்டில் சுருதிப்பெட்டியின் கீபோர்டை அணைத்துவிடு. டிரம்ஸையும் அணைத்துவிடு. என் மனைவியின் குரலும் என் பேஸும் மட்டும் ஓடட்டும். சரணத்தைக் கேள். கேட்டுவிட்டு மேலே படி.

இப்போது சொல்கிறேன். நீ அனுப்பிய பேஸைக் கேட்டேன். செத்துத்தான் இருந்தது. அது என்ன சுரம் என்றே காதுக்கு உடனே பிடிபடாத அளவுக்குச் செத்திருந்தது. எவ்வளவு மோசம் என்று கணக்கிட்டு உன்னிடம் சண்டை போடலாம் என்று சுருதி காட்டும் கருவியை அதற்கு முன் வைத்தேன். பல்லவியில் முள் நடுவில் நின்றது. சரணத்தில் என் கை மேலே ஏற ஏற, முள் சுருதி தாழும் இடது பக்கம் சாய்ந்தது. ஒவ்வொரு தடவையும், ஒரே அளவு.

கம்பி மிகப் பழசாகிவிட்டால் அப்படித்தான் ஆகும். வெறுமனே தட்டினால் சுருதி சரியாக இருக்கும். அதை வைத்து நாமும் சேர்த்துவிட்டோம் என்று நம்புவோம். மேலே போகப் போகத்தான் இறங்கும். அன்றைக்குக் கீபோர்டு இல்லை. டிரம்ஸுக்குச் சுருதி இல்லை. பேஸோ மந்தம். யாருக்கும் தெரியவில்லை. பிடிபட்டது ஒருத்தியின் காதுக்கு மட்டும்தான், அவளும் தெரிந்து செய்யவில்லை. ஹெட்போனில் பேஸ் மட்டும் போதும் என்று அவள்தானே கேட்டாள்? நீதான் எழுதியிருந்தாய். அசதி என்று நீ முடிவு கட்டினாய். அசதி இல்லையப்பா. வீட்டிலும் அவள் அப்படித்தான். நான் அறையில் வயர் போடாமல் வாசித்துக்கொண்டிருப்பேன், அவள் வேறு அறையில் துணி மடித்துக்கொண்டு அதற்குச் சேர்த்துப் பாடுவாள். கட்டில் கால் கிரீச்சிட்டாலும் அது என்ன சுரம் என்று சொல்கிறவள், எனக்கு மட்டும் சேர்ந்துகொள்வாள்.

அவள் குரலையும் கருவியில் வைத்துப் பார்த்தேன். என் கம்பி எவ்வளவு இறங்கியதோ அதே அளவு இறங்கியிருக்கிறாள். ஒரு இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூச்சுப் போனவளால் முடிகிற காரியமா அது? நான் இறங்குகிற இடத்தில் இறங்கி, பல்லவிக்குத் திரும்பும்போது என்னோடு திரும்பி வருகிறாள். கடைசி நாளிலும் அவளுக்குச் சுருதி போகவில்லை. சுருதிப்பெட்டியிடம் இதை என் வார்த்தையிலேயே சொல்.

யார் மேல் குற்றம் என்று நான் எழுதப் போவதில்லை. கம்பி பழசானது, அவ்வளவுதான். ஆனால் ‘பாவம்’ என்று சொன்னார் பார், அந்தச் சொல்லை அவர் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். நான் மறக்கமாட்டேன்.

உடனே எழுது.

---

மார்ச் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் சனிக்கிழமை மதியம் வந்தது. ஒரு கீழ்த்தாடையை மெருகு போட்டுக்கொண்டிருந்தேன். அப்படியே போட்டுவிட்டுப் பின்னறைக்கு ஓடினேன்.

கேட்டேன். பிறகு வீட்டில் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, “அக்கா நல்லாத்தான் பாடியிருக்கா” என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இத்தனை மாதமாக அவளும் அழவில்லை, உங்களுக்குத் தெரியாது. தன் குரல் தயாராக இருக்கிறதே என்ற குற்றவுணர்ச்சி ஒருவேளை இருந்ததோ என்னவோ.

ஞாயிறு எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். சுருதிப்பெட்டி இரண்டு தடவை கேட்டார். மூன்றாம் தடவை கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். பிறகு, “நான்தான் தப்பா சேர்ந்திருக்கேன். அவங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்காங்க” என்றார். ‘பாவம்’ என்று சொன்னதைப் பற்றி நான் கேட்கவில்லை அண்ணே. அவராகவே தன் கீபோர்டைப் பாட்டிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். அதுவே திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரிதான், விட்டுவிடுங்கள்.

சரணம் பதிவு நின்றுவிட்டது. இனி உங்கள் முடிவு ஒன்று பாக்கி. புதுக் கம்பியில் நீங்கள் வந்து வாசித்தால் பேஸ் அருமையாக இருக்கும், ஆனால் அக்கா குரல் மறுபடி தனியாக நிற்கும். வாசிக்காவிட்டால் அக்கா சரியாக இருப்பாள், உங்கள் பேஸ் அந்த மந்தத்தோடு வெளியே போகும். கேட்கிறவர்கள் வாசித்தவனைத்தான் குறை சொல்வார்கள். உங்கள் பெயர் அதில் இருக்கும். யோசித்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வங்கிக்காரர் முக்காலியைக் காலி செய்து சுவரோரம் போய் நின்றுகொண்டார், யாரும் சொல்லாமலே. என் வீட்டில் இனி மேடையில் பாடுவதாக இருந்தால் அத்தான் வாசித்தால்தான் பாடுவேன் என்கிறாள். “அக்கா மாதிரி நானும் அத்தானைக் கேட்டுப் பாடுறேன்” என்கிறாள். எப்போது வருகிறீர்கள்?

சகலை

---

ஏப்ரல் 7

அன்புள்ள சகலை,

பேஸ் அப்படியே இருக்கட்டும். கை வைக்காதே. மந்தத்தைக் குறைக்கிறேன் என்று கம்ப்யூட்டரில் எதையும் திருகாதே. வாசித்தவர் பெயரையும் போடு. முதலில் போட வேண்டாம் என்றுதான் எழுத நினைத்தேன். பிறகு, அவள் யாரைக் கேட்டுப் பாடினாள் என்பது எழுதியிருப்பதுதான் முறை என்று பட்டது. குறை சொல்கிறவர்கள் சொல்லட்டும். என்னைக் குறை சொன்னவர்களின் வரிசையில் அவர்கள் பின்னால் நின்றுகொள்ளலாம்.

வங்கிக்காரரை மறுபடி உட்காரச் சொல். நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று பொருள் கொள்ள வேண்டாம். கொழுந்தியாளுக்கு அவரே வாசிக்கட்டும். சரியான கம்பியாக, சரியான நீளத்தில் வாங்கிக் கொடு. அவளைக் கீபோர்டைக் கேட்டுப் பாடச் சொல். சுருதிப்பெட்டி எரிச்சலூட்டுகிற ஆள், ஆனால் சுருதியில் இடம் மாற மாட்டார்.

என்னால் வர முடியாது. கோபத்தில் சொல்லவில்லை. ஒரு காரியம் செய்துவிட்டேன், அதனால்தான். உன் கடிதம் வருவதற்கு முந்தைய வாரமே செய்தேன். புதுக் கம்பியைக் கழற்றவில்லை. பிரிட்ஜில் குதிரைகளைத் திருகிப் பின்னால் தள்ளினேன். கொஞ்சம் கொஞ்சமாக, அவள் குரலை ஓட விட்டுக்கொண்டு, சரணம் வருகிற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து. இரண்டு மாலை ஆயிற்று. கருவியை வைக்கவில்லை, காதை வைத்தே செய்தேன். இப்போது இந்தக் கிட்டார் கீழ்ச் சுரங்களில் சரியாக இருக்கும், மேலே போகப் போக அவள் இறங்கும் அளவுக்கு இறங்கும். கம்பியோ புதுசு, ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்கிறது. தப்பும் தெளிவாகக் கேட்கிறது.

தையல் கடை மூடியதும் பாட்டைப் போடுகிறேன். பல்லவி, பிறகு சரணம். கை மேலே ஏறும்போது அவள் கூட வருகிறாள்.

கொழுந்தியாளிடம் பக்குவமாகச் சொல். இந்தக் கிட்டார் இனி வேறு யார் குரலோடும் சேராது.

அத்தான்